ஷ்ரில் என்ற சொல்லுக்குக் கீழே நீ எழுதிய வரி

என் மேசை இழுப்பறையை இன்று காலையில் காலி செய்தேன். எங்கள் குழுவை மேல்மாடிக்கு மாற்றுகிறார்களாம். மை தீர்ந்த பேனாக்கள், செத்துப்போன சார்ஜர், யாரோ கல்யாணத்துக்குக் கொடுத்த பிள்ளையார் பொம்மை, இவற்றுக்கெல்லாம் அடியில் ஒரு சின்னக் காகிதப் பொட்டலம் கிடந்தது. பிரிப்பதற்கு முன்பே மூக்குக்குத் தெரிந்துவிட்டது. அதிமதுரம். உன் இழுப்பறைக்குப் பூட்டு இல்லையென்று என்னுடையதில் வைத்து, சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு துண்டை எடுத்து வாயில் அடக்கிக்கொள்வாயே, அதே அதிமதுரம்தான். எனக்கு முதலில் அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. அந்தக் கட்டையை நீ எதற்காக மென்றுகொண்டிருந்தாய் என்பது எனக்குத் தெரியுமே, அதனால் வந்த கோபம்.

இன்றைக்குப் பார்த்தா இது கையில் கிடைக்க வேண்டும்? சாயங்காலம் நாலு மணிக்கு ரிவ்யூ. நீ எழுதிய வரியை அதில் எடுத்துவிடப் போகிறார்கள். எடுப்பதற்கு முன்னால் யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று கேட்பார்கள். கேட்பது அவர்கள் வழக்கம், வாயைத் திறக்காமல் இருப்பது எங்கள் வழக்கம். நான் என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. கான்டீன் மூலையில் உட்கார்ந்து உனக்கு எழுதிப் பார்க்கிறேன். உனக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. நீ இருந்திருந்தாலும் இதை நான்தான் வாசித்துக் காட்டியிருக்க வேண்டும். "இன்னாடி இது, ஜாங்கிரி புழிஞ்சு வச்சிருக்க" என்று காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பாய்.

நம் வேலையை உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் முதலிலிருந்து எழுதினால்தான் எனக்குத் தெளியும். கராடியில் இந்தக் கண்ணாடிக் கட்டடத்தில் உட்கார்ந்துகொண்டு, ஆங்கிலம் கற்பவர்களுக்கான ஒரு கைபேசிச் செயலிக்கு அகராதி எழுதுகிறோம். ஒரு சொல்லைக் கொடுப்பார்கள். செய்தித்தாள்களிலும் புத்தகங்களிலும் அந்தச் சொல் வந்த வரிகளைக் கணினி கொட்டும். அவற்றைப் படித்துப் பார்த்து, எளிய ஆங்கிலத்தில் பொருள் எழுதி, கீழே சில உதாரண வாக்கியங்களை வைக்க வேண்டும். செயலியின் சொந்தக்காரர்கள் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறார்கள். வாரம் ஒருமுறை அழைப்பில் வந்து நம் வேலையைச் சரிபார்ப்பார்கள். அதற்குப் பெயர் ரிவ்யூ.

அந்த அழைப்பில் நம் ஆட்கள் நடந்துகொள்ளும் அழகை நீ எவ்வளவு கேலி செய்வாய்! அழைப்பு தொடங்கியதும் எல்லோரும் மைக்கை அணைத்துவிடுவார்கள். அந்தப் பக்கம் என்ன சொன்னாலும் இந்தப் பக்கம் தலைகள் ஆடும். முடிந்ததும் லிஃப்டில் இறங்கி, கேட்டுக்கு வெளியே டப்ரி என்கிற டீக்கடையில் ஆளுக்கு அரை கிளாஸ் கட்டிங் சாயை வாங்கிக்கொண்டு, இது அநியாயம், இதற்கு நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன் என்று மராத்தியிலும் இந்தியிலும் வெளுத்து வாங்குவார்கள். பிறகு மேலே ஏறி வந்து, சொன்னதைச் சொன்னபடி செய்வார்கள். "நம்ம ஆபீசுல அப்ஜெக்‌ஷன் இன்றது சாயில தொட்டுக்கிற பிஸ்கெட்டுடி. கீழ போனாதான் கெடைக்கும்" என்றாய் ஒருநாள். டப்ரிக்காரர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அந்த அறையில் மைக்கைத் திறந்து பேசியவள் நீ ஒருத்திதான்.

உன் குரல் மேலே ஏறும் குரல். ஒரு விஷயம் மனதுக்கு ஒப்பவில்லை என்றால் இன்னும் ஒரு படி ஏறும். கண்ணாடிக் கதவைத் தாண்டி வரவேற்பறை வரை கேட்கும். அது எங்கிருந்து வந்தது என்று கட்கியில் உன் வீட்டுக்கு வந்த அன்றே எனக்குப் புரிந்துவிட்டது. உன் அப்பா இயந்திரப் பட்டறையில் ஆயுள் முழுக்க நின்று காது மந்தமாகிப் போனவர். அம்மா இல்லாத வீட்டில், பேச்சு பழகிய நாளிலிருந்து நீ அவர் காதுக்கு எட்டும்படி பேசிப் பேசி வளர்ந்தவள். காதுக்கருவியை மாட்டச் சொன்னால் அவர், "அது மாட்டிக்கினா கிரைண்டர் உள்ள தலைய உட்டாப்பல கீது" என்று கழற்றி வைத்துவிடுவார். சோறு போடவா என்று நீ கேட்பது நாலு வீடு தள்ளிக் கேட்கும். அவருக்கும் கேட்கும். திருநெல்வேலியில் எங்கள் வீட்டில் பெண்பிள்ளைகள் பேச்சு அடுத்த அறைக்குப் போகக் கூடாது. நான் அங்கே உட்கார்ந்து வாயைப் பிளந்துகொண்டு உங்கள் இரண்டு பேரையும் பார்த்தேன். பொறாமையாக இருந்தது.

அந்த வருடம் மேனேஜர் உன்னைத் தனியாகக் கூப்பிட்டார். நீ ஒப்பந்த ஊழியர். நிரந்தரம் ஆகுமா ஆகாதா என்பது அவர் வாயில் இருந்தது. அப்பாவை நல்ல வீட்டுக்குக் கூட்டிப் போக வேண்டும், விமான் நகரில் என் குடியிருப்புப் பக்கமே பார்க்கலாம் என்று நீ கணக்குப் போட்டு வைத்திருந்தாய். அரை மணி நேரம் கழித்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாய். உதட்டில் சிரிப்பு இருந்தது, கண்ணில் இல்லை.

"வேல சூப்பராம். ஆனா ரிவ்யூல என் டோன் ஷ்ரில்லா கீதாம். அத சரி பண்ணிக்கினா அடுத்த தடவ பர்மனென்ட்."

"ஷ்ரில்லுன்னா?" என்று கேட்டேன். எனக்கு அந்தச் சொல் தெரியும். அதை ஒரு மனுஷிக்கு எப்படிச் சொன்னார் என்பதுதான் புரியவில்லை.

நீ கைபேசியை எடுத்து, நாமே எழுதும் அந்தச் செயலியைத் திறந்து, அந்தச் சொல்லைத் தட்டினாய். நமக்கு முன்னால் யாரோ எழுதியது அதில் இருந்தது. காதைத் துளைக்கும் உயர்ந்த ஒலி என்று பொருள். கீழே உதாரணத்துக்கு ஒரு விசில், ஒரு கிளி, ஒரு தீ எச்சரிக்கை மணி. அவ்வளவுதான். நீ மூன்றையும் படித்துவிட்டுப் பெருமூச்சு விட்டாய். உனக்கு அதில் ஒரு நிம்மதிகூட இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. "தொண்டதான்டி ப்ராப்ளம். நான் சொல்ற விஷயத்துல ஒண்ணும் இல்ல. தொண்டைய சரி பண்ணிக்கலாம்."

அப்படித்தான் தொடங்கியது. அதிமதுரம் வந்தது. வெந்நீர்க் குடுவை வந்தது. மழைக்காலம் முழுவதும், மற்றவர்கள் டப்ரிக்குப் போகும் நேரத்தில் நீ மாடிப்படியில் நின்று குரலைக் கீழே இறக்கிப் பழகினாய். ஒரே வாக்கியத்தை அடிவயிற்றிலிருந்து, மூச்சோடு சேர்த்து, விமானப் பணிப்பெண் மாதிரி. நான் கீழ்ப்படியில் உட்கார்ந்து கேட்டு மார்க் போட வேண்டும். "ஏட்டி, இருக்கைப் பட்டையைக் கட்டிக்கிடணுமா?" என்று கேட்டால் அடிக்க வருவாய். ரிவ்யூவில் உன் பக்கத்து நாற்காலி எனக்கு. "கொரல் ஏறுச்சுன்னா மேசைக்கு அடியில என் கால மிதி. யோசிக்காத, நல்லா மிதி" என்று சொல்லி வைத்தாய். ஆரம்பத்தில் அடிக்கடி மிதித்தேன். போகப் போகத் தேவையே இல்லாமல் போயிற்று. மேனேஜர் ஒருநாள் உன்னைப் பார்த்து மெச்சுதலாகத் தலையசைத்தார். நீ அன்று எனக்கு வடா பாவ் வாங்கிக் கொடுத்தாய். அந்தப் புதுக் குரலில் நீ வடா பாவ் கேட்டது கடைக்காரருக்குக் கேட்கவில்லை. இரண்டாம் முறை நான் கேட்டேன்.

சிரித்தோம். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீ தயிர் வாங்கக் கடைக்குப் போயிருந்தாய். உன் அப்பா நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஏம்மா, எம்பொண்ணுக்கு எம்மேல இன்னா கோவம்?"

"கோவமா? அப்படில்லாம் ஒண்ணும் இல்ல மாமா" என்றேன் நான், கத்தி.

"இல்லம்மா. நீ மறைக்காத. வாய் அசையுது, சத்தம் வரமாட்டேங்குது. எங்கிட்ட பேசறதே நிறுத்திட்டா. எதுனா தப்பா சொல்லிட்டேனா? கேட்டுச் சொல்லு, மன்னிப்பு கேட்டுக்கிறேன்."

அவர் கண் கலங்கியிருந்தது. பேருந்து நிறுத்தத்துக்கு என்னைக் கொண்டுவிட வந்தபோது உன்னிடம் சொன்னேன். வீட்டிலாவது பழையபடி பேசு என்றேன். நீ அதே இறக்கிய குரலில் சொன்னாய்: "ஆபீசுக்கு ஒண்ணு வூட்டுக்கு ஒண்ணுன்னு மாத்திப் போட எங்கிட்ட இன்னா ரிமோட்டா கீது? பழக்கம் உட்டுப்போச்சுன்னா திரும்ப ஏறிடும். பர்மனென்ட் ஆவட்டும். அன்னிக்கு அவரு காதுலயே போயி கத்தறேன்." நான் பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகும் நீ கையசைக்காமல் அங்கேயே நின்றாய்.

அடுத்து உனக்கு எஸ் எழுத்துச் சொற்கள் வந்தன. பழைய பதிவுகளைத் திருத்தி எழுதும் வேலை. ஒருநாள் மத்தியானம் என்னைத் தோளில் தட்டிக் கூப்பிட்டாய். உன் திரையில் ஷ்ரில் என்ற சொல். அது வந்த வரிகள் மேலிருந்து கீழ் வரை ஓடிக்கொண்டிருந்தன.

"படி. இத படி. அப்புறம் இத படி."

படித்தேன். முதலில் விசில்களும் பறவைகளும்தான். பிறகு குரல்கள். அவளுடைய குரல், அவன் மனைவியின் குரல், மாமியாரின் குரல், அந்தப் பெண் வேட்பாளரின் குரல். ஆண்களுக்கும் வந்தது, ஆனால் ஆளைக் கேலி செய்ய வேண்டிய இடத்தில் மட்டும். அதற்கும் கீழே போகப் போக எனக்கே வேறு மாதிரி ஆகிவிட்டது. ஒரு பத்திரிகைக் கட்டுரையை அப்படிச் சொல்லியிருந்தார்கள். ஓர் ஊர்வலத்தின் கோரிக்கையைச் சொல்லியிருந்தார்கள். தண்ணீர் கேட்டு எழுதிய ஒரு மனுவைச் சொல்லியிருந்தார்கள்.

"எழுத்துக்கு ஏதுடி தொண்ட?" என்றாய். "மனுவுக்கு ஏதுடி தொண்ட? இந்தக் கட்டுரை எந்த வெந்நீரக் குடிக்கும்?"

நீ திரையையே பார்த்துக்கொண்டு சொன்னாய்: "அவரு எங்கிட்ட சொன்னது என் கொரல பத்தி இல்ல. மறுத்துப் பேசாதன்னு சொல்லிருக்காரு. நான் லூசு மாதிரி விசிலு, கிளின்னு படிச்சுட்டு தொண்டைய அமுக்கிக்கினு அலையறேன். எங்கப்பா நான் கோச்சுக்கினேன்னு நெனச்சு அழுவறாரு."

கொஞ்ச நேரம் கழித்து, "தமிழ்ல இதுக்கு இன்னாடி சொல்வீங்க?" என்று கேட்டாய். எனக்கு நம் மொழியைக் காப்பாற்றிவிட வேண்டும் என்று ஓர் ஆசை. கணீரென்ற குரல் என்போம், அது பாராட்டு என்றேன். நீ என்னையே பார்த்தாய். "மறுத்துப் பேசற பொம்பளைக்கு?" என்றாய். பஜாரி என்று சொல்ல வேண்டியதாயிற்று. "ஆங்" என்று தலையாட்டினாய், எதிர்பார்த்த பதில் கிடைத்த மாதிரி.

அன்று நீ அந்த வரியை எழுதினாய். பொருளுக்கும் உதாரணங்களுக்கும் கீழே, சாய்ந்த எழுத்தில், ஒரே ஒரு வரி. ஆங்கிலத்தில் நீ எழுதியதைத் தமிழில் இப்படிச் சொல்லலாம்: 'பெரும்பாலும் பெண்களையும், எதிர்த்துக் கேட்பவர்களையும் குறைகூறப் பயன்படுகிறது, குரல் உண்மையில் உயர்ந்திருக்க வேண்டியதில்லை.' எழுதிவிட்டு, "என்ன மாதிரி எவளாச்சும் ஆபீசுலேந்து வந்து இத தட்டிப் பாப்பா. அவளுக்குத் தெரியட்டும்" என்றாய்.

ரிவ்யூ நாள் வந்தது. நிரந்தரமா இல்லையா என்று சொல்லும் மாதமும் அதுதான். வாயை மூடிக்கொண்டு விசிலையும் கிளியையும் அப்படியே விட்டுவிடு, வேலை நிரந்தரமானதும் திருத்திக்கொள்ளலாம் என்று நான் லிஃப்டில் கெஞ்சினேன். நீ குடுவையைத் திறந்து ஒரு வாய் வெந்நீர் குடித்தாய்.

அழைப்பின் அந்தப் பக்கத்தில் ஓர் இளைஞர், அவருக்குப் பக்கத்தில் வயதான ஓர் அம்மாள். உன் முறை வந்ததும் மைக்கைத் திறந்து பதிவை வாசித்தாய். அந்த வரி வந்ததும் இளைஞர் நிறுத்தினார். அகராதி சொற்களை விவரிக்கத்தான் வேண்டும், நியாயம் பேசக் கூடாது, இது உங்கள் கருத்து அல்லவா என்று கேட்டார். அறையில் எல்லாத் தலைகளும் குனிந்தன. மேனேஜரின் பேனா நின்றது. நான் என் காலை உன் காலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்த் தயாராக வைத்துக்கொண்டேன்.

நீ மாடிப்படியில் பழகிய அந்தக் குரலில் பேசினாய். இது என் கருத்தில்லை, நீங்கள் அனுப்பிய வரிகளிலேயே இருக்கிறது, விவரிக்க வேண்டும் என்றால் இதையும்தானே விவரிக்க வேண்டும் என்றாய். ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினாய். அவர் மறுத்தார். நீ மறுபடி வாசித்தாய். ஒரு சொல்கூட ஏறவில்லை. என் கால் மிதிப்பதற்குக் காத்திருந்து காத்திருந்து மரத்தே போய்விட்டது. கடைசியில் அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, வரி சரியாகத்தான் இருக்கிறது, இருக்கட்டும் என்றார். அழைப்பு முடிந்தது.

எல்லோரும் எழுந்து டப்ரிக்குக் கிளம்பினார்கள். நீயும் நானும் மிஞ்சினோம். மேனேஜர் கணினியை மூடாமல் உட்கார்ந்திருந்தார். கெட்ட மனிதர் இல்லை அவர். என் மகள் பிறந்தபோது பொம்மை வாங்கி வந்தவர்தான். உன்னைப் பார்த்து, வருத்தத்தோடு, ஆங்கிலத்தில் சொன்னார்: "நாம் இதைப் பற்றிப் பேசியிருந்தோம். இன்றைக்கும் ஷ்ரில்லாகத்தான் இருந்தது."

எனக்குக் காதில் விழுந்தது சரிதானா என்று சந்தேகமாகிவிட்டது. நீ மட்டும் அசையவில்லை. "எந்த வாக்கியம் சார்?" என்று கேட்டாய். அவர் விழித்தார். "அழைப்பு பதிவாகியிருக்கு. எந்த வாக்கியம்னு போட்டுக் காட்டுங்க" என்றாய், அதே இறக்கிய குரலில்.

அவரும் போட்டார். போட்டதை இன்றும் நான் மதிக்கிறேன். அந்தக் காலி அறையில் உன் குரல் வந்தது. முதலில் எதுவும் கேட்கவில்லை. அவர் ஒலியைக் கூட்டினார். இன்னும் கூட்டினார். முழுக்கக் கூட்டிய பிறகுதான் நீ பேசுவது புரிந்தது. மூன்று பேரும் கடைசிவரை கேட்டோம். அவர் முகம் சிவந்து, மேசையைப் பார்த்தபடி சொன்னார்: "சத்தத்தைச் சொல்லவில்லை. நான் என்ன சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும்."

"தெரியும் சார். அதத்தான் அந்த வரியில எழுதியிருக்கேன்" என்றாய்.

வெளியே வந்ததும் நீ சிரித்தாய் பார், அந்தச் சிரிப்பு பழைய குரலில் இருந்தது. வரவேற்பறையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் உன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வரி செயலியில் ஏறியது. நீ நிரந்தரம் ஆகவில்லை. ஒப்பந்தம் முடிந்தது, அதை யாரும் நீட்டிக்கவில்லை. ரஞ்சன்காவில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குப் புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் இடம் கிடைத்துப் போனாய். மைக் இல்லாமல் கூடம் முழுக்கக் கேட்கும்படி பேசுகிற ஆள் அவர்களுக்கு வேண்டியிருந்தது. கட்கி வீட்டில் மறுபடி சத்தம் வந்தது. உன் அப்பா என்னைப் பார்த்ததும், "கோவம் போச்சும்மா!" என்று குழந்தை மாதிரி சொன்னார். ஒரு நல்ல வருடம் உனக்குக் கிடைத்தது. பிறகு ஒரு மழைக்காலக் காய்ச்சல். சாதாரணக் காய்ச்சல் என்றுதான் நானும் நினைத்தேன். இதற்கெல்லாம் பார்க்க வந்தால் திட்டுவாய் என்று ஒருநாள் தள்ளிப்போட்டேன், மறுநாள் உன்னைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டு போய்விட்டார்கள். அதைப் பற்றி இன்றைக்கு எழுத என்னால் முடியாது.

உன் அப்பாவுக்கு அவ்வப்போது போன் செய்கிறேன். உன் தம்பி ஸ்பீக்கரில் போட்டு அவர் காதோடு வைப்பான். ஒவ்வொரு முறையும் ஒரு கேள்வி கட்டாயம் வரும்: "அவ அங்க எழுதினது எதுனா இன்னும் கீதாம்மா?" அகராதியில் எங்கள் யார் பெயரும் இருக்காது, உனக்குத் தெரியும். உன் மற்றப் பதிவுகளை எல்லாம் யார் யாரோ திருத்தித் திருத்தி எழுதிவிட்டார்கள். உன்னுடையது என்று அடித்துச் சொல்ல அந்த ஒரு வரிதான் மிச்சம். 'இருக்கு மாமா' என்று இதுவரை சொல்லிவந்தேன்.

இப்போது அழைப்பின் அந்தப் பக்கத்தில் புது ஆட்கள். அந்த அம்மாள் ஓய்வு பெற்றுவிட்டார். கைபேசித் திரை சின்னது, இந்த மாதிரிக் குறிப்பு வரிகள் இடத்தை அடைக்கின்றன, எல்லாவற்றையும் எடுத்துவிடலாம் என்கிறார்கள். அந்தப் பதிவு இப்போது என் பொறுப்பில் இருப்பதால் என் கையாலேயே எடுக்க வேண்டும். இந்த அலுவலகத்தில் மென்மையாகப் பேசுகிறவள் என்று பெயர் வாங்கியவள் நான். ஒவ்வொரு வருட மதிப்பீட்டிலும் அதையே எழுதிக் கொடுக்கிறார்கள். அந்தப் பாராட்டை நினைத்தால் இன்று வெட்கமாக இருக்கிறது. மேலே கூப்பிடுகிறார்கள். போகிறேன்.

மணி ஆறு ஆகிறது. மறுபடி கான்டீன் மூலையில் உட்கார்ந்திருக்கிறேன்.

அழைப்பில் குறிப்பு வரிகளின் பட்டியலைத் திரையில் காட்டினார்கள். ஆட்சேபம் உண்டா என்றார்கள். எல்லோர் மைக்கும் அணைந்திருந்தது. என் விரல் அந்தப் பொத்தான் மேல் இருந்தது, அழுத்த வரவில்லை. 'சரி, அப்படியானால்' என்று அந்தப் பக்கத்து ஆள் ஆரம்பித்துவிட்டார். நான் அழுத்திவிட்டேன்.

என்ன பேசினேன் என்று முழுக்க நினைவில்லை. வாதமெல்லாம் உன் மாதிரி எனக்கு வராது. நடந்ததைச் சொன்னேன். இங்கே ஒரு பெண் வேலை பார்த்தாள், அவளுக்கு ஒருநாள் இந்தச் சொல் கிடைத்தது, அவள் நம் செயலியைத் திறந்து பார்த்தாள், நாம் அவளுக்கு ஒரு விசிலையும் ஒரு கிளியையும் காட்டினோம் என்றேன். அதை நம்பி அவள் தன் குரலைக் குறைத்தாள், அவள் அப்பாவுக்கு அவள் பேசுவது கேட்காமல் போயிற்று என்றேன். அதைச் சொல்லும்போது என் குரல் உடைந்தது. மேனேஜர் தலை நிமிரவில்லை. இந்த வரியை நான் எடுக்க மாட்டேன், எடுப்பதானால் வேறு யாராவது எடுங்கள் என்றேன்.

அந்தப் பக்கம் மைக்கை அணைத்துவிட்டுத் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். பிறகு, இந்தச் சொல்லுக்கு மட்டும் குறிப்பு இருக்கட்டும் என்றார்கள். மற்ற வரிகள் போய்விட்டன. அவற்றுக்காக யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

நாற்காலிக்கு வந்து உட்கார்ந்ததும் கணினியில் மேனேஜரின் செய்தி. இதைத் தனியாகச் சொல்லியிருக்கலாமே, தொனி கொஞ்சம் ஷ்ரில்லாக இருந்தது என்று எழுதியிருந்தார். அடுத்த வருடம் எனக்கு என்ன எழுதிக் கொடுப்பார் என்று தெரிந்துவிட்டது. பயமாகத்தான் இருக்கிறது, உன்னிடம் எதற்கு மறைக்க வேண்டும்? ஆனால் அந்தச் சொல் என்ன சொல்கிறது என்று நான் எங்கேயும் போய்த் தேடவில்லை.

வராந்தாவுக்கு வந்து கட்கிக்குப் போன் போட்டேன். தம்பி ஸ்பீக்கரில் போட்டான். "மாமா, அவ எழுதின வரி இருக்கு" என்றேன். "இன்னாம்மா?" என்றார். மறுபடி சொன்னேன். "கேக்கலம்மா" என்றார். அந்தப் பக்கமாக டப்ரிக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் நின்று என்னைப் பார்த்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேனேஜரும் நிமிர்ந்து பார்த்தார். நான் மூச்சை இழுத்துக்கொண்டு, வீட்டில் நீ பேசுவது போல, கத்திச் சொன்னேன்.

"இருக்காம்மா?" என்றார் உன் அப்பா. "இன்னொரு தபா சொல்லு." இன்னொரு தடவை சொன்னேன், இன்னும் உரக்க.